நெஞ்சு படபடக்கும்போது

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)





இத்தகைய கூடுகைகளில் கட்டி முடித்த வார்டுகளைக் குறித்தும் வாங்கிய கருவிகளைக் குறித்தும் பேசுவது வழக்கம். இம்முறை ஒரு வியாதியைக் குறித்துப் பேச விரும்புகிறோம். இந்த வியாதியோடு எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள், அங்கே வந்து சேருமுன் வீட்டாரிடமும் அயலாரிடமும் சபையாரிடமும் ஆலோசனை கேட்டுவிட்டே வருகிறார்கள். அந்த ஆலோசனை சரியாயிருந்தால் பாதி சுகம் வழியிலேயே கிடைத்துவிடும். தவறாயிருந்தால் சில வேளைகளில் உயிரே போய்விடும். ஆகவே இதை மருத்துவர்கள் மாத்திரம் அறிந்திருந்தால் போதாது.

நாங்கள் அடிக்கடி காண்கிற இரண்டு விதமான நோயாளிகளைச் சொல்லுகிறோம்.

ஒருவர் முப்பது வயதைக் கடந்த சகோதரி. கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படுக்கிற நேரத்தில் இருதயம் சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிக்கிறது. மூச்சு முட்டுகிறது, கைவிரல்கள் மரத்து மடங்கிக்கொள்கின்றன. இதோ சாகப்போகிறோம் என்ற எண்ணம் வருகிறது. அயல்வீட்டார் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். இ.சி.ஜி. நன்றாயிருக்கிறது, இரத்தப் பரிசோதனையும் நன்றாயிருக்கிறது. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். மறுவாரம் வேறொரு மருத்துவமனை, அதற்கடுத்த மாதம் திருவனந்தபுரம். எங்களிடம் வரும்போது கையிலே தடித்த ஒரு பரிசோதனைக் கட்டு இருக்கும், கழுத்திலே கிடந்த சங்கிலி இருக்காது.

மற்றவர் ஐம்பதைக் கடந்த சகோதரர். சர்க்கரை வியாதி உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்செரிச்சலும் வியர்வையும் வருகிறது. வீட்டார், "வாயுதான், இஞ்சி தட்டிப்போட்டுக் குடியுங்கள்" என்கிறார்கள். சோடாவும் குடித்துப் பார்க்கிறார். அவருக்குள்ளே ஒரு பயம் இருக்கிறது, ஆனால் பயந்தவன் என்று பேர் வாங்க மனமில்லை. விடியும்வரை பொறுத்திருந்து வருகிறார். அதற்குள் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருக்கிறது.

முதலாமவருடைய இருதயத்தில் நோயில்லை, ஆனால் அவர் இருதய நோயாளியாகவே அலைந்தார். இரண்டாமவருடைய இருதயக் குழாய் அடைபட்டிருந்தது, அவரோ வாயுத் தொல்லைக்காரராய் இரவைக் கழித்தார். இந்த இரண்டு பிழைகளுக்கும் நடுவே நம் ஜனங்கள் தடுமாறுகிறார்கள். அதற்கு வழிகாட்டவே இன்று பேசுகிறோம்.

வெப்ராளம் என்பது என்ன?

நம்முடைய பாட்டிமார் இதை 'வெப்ராளம்' என்றும் 'பரவேசம்' என்றும் சொன்னார்கள். மருத்துவர்கள் 'பேனிக் அட்டாக்' என்கிறார்கள். நாம் இங்கே பீதித் தாக்குதல் என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஆபத்து ஒன்றும் இல்லாதபோதும் சரீரம் மகா ஆபத்தில் அகப்பட்டதுபோல் நடந்துகொள்வதே இது. சில நிமிஷங்களுக்குள் உச்சத்தை எட்டும், பெரும்பாலும் இருபது முப்பது நிமிஷங்களில் தணிந்துவிடும்.

மருத்துவ நூல்கள் 13 அறிகுறிகளைக் குறிப்பிடுகின்றன. அவற்றில் நான்காவது சேர்ந்து வந்தால் இந்தப் பெயரைக் கொடுப்பார்கள். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை. ஜனங்களைக் குழப்புகிறவை மற்றவைதான். தொண்டையில் கல் அடைத்ததுபோல் இருக்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊரும். வயிறு கலங்கி அவசரமாய் வெளிக்குப் போகவேண்டும்போல் தோன்றும். உடம்பு ஒரு நிமிஷம் கொதிக்கும், மறு நிமிஷம் சில்லிட்டுப்போகும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது ஒன்று உண்டு. சுற்றியிருக்கிற வீடும் மனுஷரும் நிஜமில்லை, கண்ணாடிக்கு அப்பால் இருக்கிறார்கள் என்று தோன்றும். தன் கையே தன்னுடையதல்ல என்பதுபோல் இருக்கும். இதை அநேகர் வெளியே சொல்வதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், அல்லது பேய் பிடித்தது என்பார்கள் என்று பயப்படுகிறார்கள். இதுவும் பீதித் தாக்குதலின் அறிகுறிகளில் ஒன்று என்று கேட்டமாத்திரத்தில் அழுதுவிட்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். சிலருக்கு நல்ல தூக்கத்திலிருந்தே இது தட்டி எழுப்பும். கனவு கண்டதாகவும் நினைவிராது.

இது அபூர்வமான காரியம் என்று எண்ணவேண்டாம். 25 நாடுகளில் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ 100 பேரில் 13 பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இப்படிப்பட்ட தாக்குதலை அனுபவித்திருந்தார்கள். அதுவே திரும்பத்திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்கிற பயத்தினால் வாழ்க்கையைக் கெடுக்கிற நோயாக மாறியது 100 பேரில் இரண்டு பேருக்கும் குறைவானவர்களுக்கே.

சரீரம் ஏன் இப்படிச் செய்கிறது?

பாதையிலே பாம்பைக் கண்டால் யோசிப்பதற்கு முன்னமே கால் பின்வாங்குகிறது அல்லவா? அப்போது அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து, இருதயத்தை வேகப்படுத்தி, கைகால்களுக்கு இரத்தத்தை அனுப்புகிறது. ஓடுவதற்கும் எதிர்ப்பதற்கும் சிருஷ்டிகர் வைத்த ஏற்பாடு அது. பீதித் தாக்குதலில் பாம்பு இல்லாமலே அந்த ஏற்பாடு முழுவதும் ஓடத்தொடங்கிவிடுகிறது.

விரல் மரப்பதற்கும் தலை சுற்றுவதற்கும் காரணம் மூச்சு. பயத்தில் வேகவேகமாக மூச்சுவிடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடுகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை கிறுகிறுக்கும். நரம்புகள் கூச்சமடைந்து விரல்கள் மரத்து மடங்கும். நோயாளிக்கோ மூச்சு போதவில்லை என்று தோன்றும், ஆகவே இன்னும் வேகமாக இழுப்பார். இழுக்க இழுக்க அறிகுறிகள் பெருகும்.

இது இக்காலத்தில் பிறந்த வியாதியும் அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுமுட்டலும் உண்டான போர்வீரர்களைப் பரிசோதித்து, டாக்டர் ஜேக்கப் மென்டஸ் டா காஸ்டா 1871-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் இருதயத்தில் கண்ணுக்குத் தெரிந்த பழுது இல்லாதபோதும் அவர்கள் துன்பம் மெய்யானதென்று அவர் கண்டார். இவர்கள் கோழைகள் என்று எண்ணுகிறவர்கள், இவர்களில் அநேகர் யுத்தகளத்தில் நின்றவர்கள் என்பதை நினைக்கவேண்டும்.

யுத்தகளத்துக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி கரைகளில் கடல் புகுந்தது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். திரும்பிவராதவர்களில் பலருடைய சரீரமும் கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட இழப்புகளுக்குப் பிறகு, காற்றுச் சத்தம் பலத்தாலே நெஞ்சு அடைத்துப்போகிறவர்கள் உண்டு.

2012 ஏப்ரல் 11-ல் சுமத்திரா அருகே பூமி அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்தபோது தமிழகக் கடற்கரை ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். அன்று ஓடியது சரி. எச்சரிக்கை வந்தால் ஓடத்தான் வேண்டும். பிறகு எச்சரிக்கை விலக்கப்பட்டது, ஜனங்கள் வீடு திரும்பினார்கள். பீதித் தாக்குதல் என்பது, பூமி அதிராமலும் கடல் பொங்காமலும் உள்ளே அந்த எச்சரிக்கை மணி தானாக அடிப்பது. மணிச் சத்தம் பொய்யல்ல, அதைக் கேட்கிறவருடைய வேதனையும் பொய்யல்ல. ஆனால் மணி அடித்ததினாலே கடல் வந்துவிட்டதென்று பொருளல்ல.

கடல் மெய்யாகவே வந்திருந்தால்?

இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மூச்சு முட்டுகிற எல்லாருக்கும் பயம்தான் என்று முடிவுகட்டக் கூடாது.

நெய்யூரில் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-ல் தொடங்கிய மருத்துவ ஊழியத்தில் பின்னாளில் சேவைசெய்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் அவர்களை நம் மாவட்டம் மறக்காது. 1924 ஜூனில் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறத்தாழ 28,000 அடி உயரம்வரை ஏறித் திரும்புகையில் திடீரென்று அவருக்கு மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றுவிட்டது. மரணம் வந்துவிட்டதென்று பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரண்டு கைகளாலும் மார்பை அழுத்தினபோது, குளிரினால் வெந்து கழன்றிருந்த தொண்டையின் உட்தோல் வெளியே வந்து விழுந்தது, மூச்சும் வந்தது. அவரிடம், "பயப்படாதிரும், எல்லாம் மனதுதான்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் என்ன பயன்? அடைப்பு மெய்யாகவே இருந்தது.

ஆகவே எங்கள் மருத்துவர்கள் சொல்லுகிற விதி இது. முதன்முதலாக இப்படி வந்தால் அதைப் பயம் என்று பெயரிட வீட்டாருக்கு அதிகாரமில்லை. பரிசோதித்த பிறகு மருத்துவரே பெயரிடட்டும். கீழ்க்கண்டவற்றில் எது காணப்பட்டாலும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

1. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல் இறுக்கம், அது கை, தாடை, முதுகு, மேல்வயிறு பக்கம் பரவுதல், குளிர்ந்த வியர்வை. பெண்களுக்கும் முதியோருக்கும் சர்க்கரை வியாதிக்காரருக்கும் வலியே இல்லாமல் மூச்சுமுட்டல், களைப்பு, நெஞ்செரிச்சல் மாத்திரமாகவும் மாரடைப்பு வரலாம்.

2. படி ஏறும்போதும் சுமை தூக்கும்போதும் வந்து, உட்கார்ந்தால் குறைகிற நெஞ்சுவலி.

3. மயங்கி விழுதல், உதடு நீலம் பூத்தல், ஒரு வாக்கியம் முழுதாய்ப் பேசமுடியாத மூச்சுத்திணறல்.

4. முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் பெலன் இழத்தல், பேச்சு குழறுதல். பீதியில் மரப்பு பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். ஒரே பக்கம் வந்தால் பக்கவாதமா என்று பார்க்கவேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

5. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும். சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவிருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஒன்றும் ஊற்றாதிருங்கள்.

6. அறுவை சிகிச்சை, பிரசவம், நெடுநேர விமானப் பயணம் ஆகியவற்றுக்குப் பின் திடீர் மூச்சுமுட்டல், அதிலும் ஒரு கால் மாத்திரம் வீங்கி வலித்தால். இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

7. தினமும் குடித்துவந்தவர் குடியை நிறுத்தின ஓரிரு நாட்களில் உண்டாகும் நடுக்கமும் கலக்கமும். வலிப்பு வரக்கூடும். இது மருத்துவமனையில் பார்க்கவேண்டிய காரியம்.

அவசரம் இல்லாவிட்டாலும் விசாரிக்கவேண்டிய காரணங்கள் வேறு சில உண்டு. தைராய்டு சுரப்பு மிஞ்சினாலும், இரத்தசோகை இருந்தாலும், ஆஸ்துமா மருந்தினாலும், அதிகக் காப்பியினாலும் படபடப்பு வரும். விசையைப் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி, திடீரென்று நிற்கிற துடிப்பு இருதயத்தின் மின்னோட்டக் கோளாறாயிருக்கலாம். துடிக்கும்போதே இ.சி.ஜி. எடுத்தால்தான் அது அகப்படும். ஒரு இ.சி.ஜி. சரியாயிருப்பதினால் மாத்திரம் மாரடைப்பு இல்லையென்று சொல்லிவிட முடியாது. அதனால்தான் மருத்துவர்கள் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடியும் பார்க்கிறார்கள். "வீணாய்க் கட்டில் போட்டுவிட்டார்கள்" என்று முறுமுறுக்கவேண்டாம்.

பட்டணத்துக்குத் தூரமாயிருக்கிறோம் என்று மலையோரத்தார் தயங்கவும் வேண்டாம். 2023-ல் தமிழக அரசு தொடங்கின 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயும் துணை சுகாதார நிலையத்திலேயும் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு உண்டு.

"இருதயம் நன்றாயிருக்கிறது" என்ற பிறகு

பரிசோதனையெல்லாம் முடிந்து இருதயம் சுகமாயிருக்கிறது என்றால், அத்துடன் காரியம் முடிந்துவிடவில்லை. அந்தச் சகோதரி கேட்ட "ஒன்றுமில்லை" என்ற வார்த்தைதான் அவரை மருத்துவமனை மருத்துவமனையாய் அலையவைத்தது. ஒன்றுமில்லையென்றால் தனக்கு நடந்தது என்ன? அதற்கு ஒரு பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு என்று சொல்லவேண்டும்.

சொல்லாமல் விட்டால் வாழ்க்கை குறுகத் தொடங்கும். முதலில் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறமாட்டார், அங்கே ஒருமுறை வந்ததால். பிறகு சந்தைக்குப் போகமாட்டார். ஆராதனையில் கதவோரத்திலே உட்காருவார், பின்பு வருவதையே நிறுத்திவிடுவார். சபையார் பின்மாற்றம் என்பார்கள். அவருக்கோ கூட்டத்தின் நடுவில் அகப்பட்டால் வெளியேற முடியாதே என்ற பயம்.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று, பயிற்சிபெற்ற ஆலோசகரோடு அமர்ந்து, அறிகுறிகளைக் குறித்த தவறான எண்ணங்களைத் திருத்தி, விலக்கிவைத்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப்போகப் பழகுவது. மற்றொன்று மாத்திரை. இந்த நோய்க்கு முதலாவது கொடுக்கப்படுகிற மாத்திரைகள் தூக்கமாத்திரைகள் அல்ல. அவை பலன்தரச் சில வாரங்கள் ஆகும். சுகம் கண்டபிறகும் மருத்துவர் சொல்லும்வரை சில மாதங்கள் தொடரவேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. உடனே அமைதி தருகிற வேறு மாத்திரைகள் உண்டு. அவை நாட்பட்டால் பழக்கமாகிவிடும். ஆகையால் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி விழுங்குவதை விட்டுவிடவேண்டும்.

தாக்குதல் வந்த நேரத்தில், ஏற்கெனவே பரிசோதித்து உறுதிசெய்யப்பட்டவராயிருந்தால், அருகில் இருப்பவர் செய்யவேண்டியது அதிகமில்லை. உட்காரவையுங்கள். கூட்டத்தை விலக்குங்கள். "இது முன்பு வந்ததுதான், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். மூக்கினால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வாயினால் விடச் சொல்லி, நீங்களும் கூடவே செய்யுங்கள். காகிதப் பையை வாயில் வைத்து மூச்சுவிடச் சொல்லும் பழைய முறையை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருப்பது இருதய நோயாகவோ நுரையீரல் நோயாகவோ இருந்தால் அது ஆபத்தாகிவிடும். வழக்கமாய் வருவதற்கு மாறாக வேறுவிதமாய் வந்தாலும், தணியாமல் நீடித்தாலும் மறுபடியும் மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

இறையியல் கல்லூரியில் பயின்று, பிறகு பல ஆண்டுகள் நோயாளிகளின் படுக்கையருகே நின்ற அனுபவத்தோடு இதைச் சொல்லுகிறோம். பயத்தினால் வாடுகிறவரிடம், "விசுவாசம் குறைவு" என்று சொல்வது காயத்தில் உப்பு வைப்பதாகும். அவர் ஏற்கெனவே தன்னைத்தானே குற்றப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார். இன்னும் சிலர் பிசாசு என்று சொல்லி, உபவாசத்தில் நிறுத்தி, மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். உண்ணாமலும் உறங்காமலும் இருக்கிற சரீரத்தில் படபடப்பு கூடுமேயன்றிக் குறையாது.

எலியா தீர்க்கதரிசியை நினைத்துப்பாருங்கள். கர்மேல் மலையில் தனியாய் நின்று ஜெயித்தவர், யேசபேலின் மிரட்டலைக் கேட்டு ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, தன் உயிர் போகட்டும் என்றார். விசுவாசமில்லாதவரா அவர்? தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டான், தட்டி எழுப்பினான், சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், மறுபடியும் கொடுத்தான். மெல்லிய சத்தத்தைக் கேட்டது அதற்குப் பிறகுதான். தூக்கமும் ஆகாரமும் தேவனுடைய மருந்துகளாகவே அங்கே காணப்படுகின்றன. பவுலோடு கூடப் பயணம்செய்த லூக்காவும் வைத்தியர்தானே. ஜெபிக்கிறவர் மாத்திரை விழுங்குவதில் முரண்பாடு ஒன்றுமில்லை. நாங்கள் ஒவ்வொரு நாளும் வார்டில் இரண்டையும் சேர்த்தே செய்கிறோம்.

முடிவாக உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் அந்த ஏழு அறிகுறிகளை வாசித்துக் காட்டுங்கள். "வாயுதான்" என்று சொல்லி ஓர் இரவைக் கழிக்கிற பழக்கம் நம் ஊரைவிட்டுப் போகட்டும்.

இரண்டாவது, கதவோரத்தில் உட்காருகிற சகோதரியையோ, கடலுக்குப் போகத் தயங்குகிற சகோதரரையோ கண்டால் புத்திசொல்லாமல் விசாரியுங்கள். எங்களிடம் அழைத்துவாருங்கள், அல்லது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வெளியே வர வெட்கப்படுகிறவர் 14416 என்ற எண்ணை அழைத்து, வீட்டிலிருந்தபடியே மனநல ஆலோசனை பெறலாம். 2022-ல் தொடங்கப்பட்ட அரசாங்க சேவை இது, கட்டணமில்லை. சாகலாமென்ற எண்ணம் வருகிறதென்று ஒருவர் வாய்திறந்து சொன்னால் அவரைத் தனியாய் விடாதிருங்கள். அன்றைக்கே கூட்டிவாருங்கள்.

மூன்றாவது, உங்கள் காணிக்கையை நினைக்கும்போது, இரவில் எடுக்கப்படுகிற ஒரு இ.சி.ஜி.யையும், அதன்பின் நோயாளியோடு ஆலோசகர் செலவிடுகிற ஒரு மணி நேரத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். முதலாவது சிலருடைய உயிரைக் காக்கிறது. இரண்டாவது சிலருக்கு மார்த்தாண்டம் பஸ்ஸைத் திரும்பத் தருகிறது. இரண்டும் நீங்கள் எங்களோடு சேர்ந்து செய்கிற ஊழியமே.

கர்த்தர் உங்கள் வீடுகளுக்குச் சுகத்தையும் சமாதானத்தையும் அருளுவாராக. ஆமென்.